பெயர்ப்பட்டியல்

இன்று சான்பாடா வரை பரவி வாழும் மும்பைத் தமிழரின் மூத்த தலைமுறைக்கு 1960களின் அச்சம் நினைவிருக்கும். மண்ணின் மைந்தருக்கு வேலையில் முன்னுரிமை வேண்டும் என்பது விவாதத்திற்குரிய கோரிக்கை. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பால் தாக்கரேயின் 'மார்மிக்' இதழ் நிறுவனங்களில் பணியாற்றிய தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டபோது, பெயரே குற்றமாயிற்று. தன் கருத்தை மாற்றிக்கொண்டாலும் எவரும் அப்பட்டியலிலிருந்து நீங்கியிருக்க முடியாது. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டது அதன் தொடர்ச்சியே.

இராஜாஜி 1953இல் கொணர்ந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி எனச் சாடிப் பெரியார் கடுமையாகப் போராடினார். (பிராமணர் குறித்த அவருடைய சொற்கள் யாவும் கொள்கை எதிர்ப்பின் எல்லைக்குள் நின்றன என்று கூறவியலாது.) 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. 1972 டிசம்பரில் இராஜாஜியின் இறுதிச்சடங்கில் பெரியார் கண்ணீர் விட்டு அழுதார்.