இது பணக்காரர் நோயல்ல

"சீனி வருத்தமும் பிறஷரும் கதிரையில் இருந்து வேலை செய்பவர்களுக்குத்தான். மண்வெட்டி பிடிப்பவனுக்கு என்ன வரப்போகிறது?" என்று கேட்கும் விவசாயிகளை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். மண்வெட்டி கையில் இருக்கும்வரை அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். அது கைவிட்டுப் போன பின்னர்?

ஐக்கிய அமெரிக்காவில் வாழும், மெக்சிக்கோ, கியூபா, புவேர்ட்டோ றிக்கோ முதலிய நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஹிஸ்பானிய மக்களிடையே 2008 முதல் 2011 வரை பெரும் ஆய்வொன்று நடைபெற்றது. சிக்காகோ, மியாமி உட்பட நான்கு இடங்களில் 18 முதல் 74 வயது வரையான 16,000க்கு மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். பெண்களில் 36 வீதமானோருக்கும் ஆண்களில் 34 வீதமானோருக்கும் அனுசேப நோய்க்கூட்டு இருந்தது. பெருத்த இடுப்பு, உயர்ந்த குருதி அமுக்கம், இரத்தத்தில் கூடிய சீனி, கூடிய கொழுப்பு, குறைந்த நல்ல கொலஸ்திரோல் ஆகிய ஐந்தில் மூன்று ஒருவரிடம் சேர்ந்திருப்பதையே இப்படி அழைக்கின்றனர். நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் இது முன்வாசல். 45 முதல் 64 வயதுப் பெண்களில் சரிபாதியினருக்கு இது இருந்தது என்பதை நம் தாய்மார் கவனிக்க வேண்டும்.

இரத்தத்தில் வந்தது என்று சொல்லி இதை விட்டுவிடலாமா? அந்த மக்களுக்குள்ளேயே புவேர்ட்டோ றிக்கோப் பெண்களில் 41 வீதம், தென்னமெரிக்கப் பெண்களில் 27 வீதம். இதைவிடத் தெளிவான சாட்சி பீமா என்னும் பழங்குடியினர். ஒரே வம்சத்தவரான இவர்களில் ஒரு பகுதியினர் மெக்சிக்கோ மலைகளில் கமம் செய்கின்றனர். மற்றப் பகுதியினர் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்கின்றனர். 2006இல் வெளிவந்த ஆய்வின்படி, மலைக் கமக்காரரில் 6.9 வீதமானோருக்கே நீரிழிவு. அரிசோனாவில் 38 வீதம். அரிசோனாப் பீமாக்களும் ஒருகாலத்தில் சிறந்த விவசாயிகள்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் ஹீலா ஆற்று நீரை மேலேயே மறித்து எடுத்துக்கொண்டனர். வயல் காய்ந்தது. பின்னர் மாவும் கொழுப்பும் அரசாங்க நிவாரணமாக வந்தன.

இக்கதை நமக்குப் புதிதல்ல. யுத்தகாலத்தில் கோதுமை மாவும் சீனியும் பருப்பும் வரிசையில் நின்று வாங்கினோம். அன்று அது உயிரைக் காத்தது, குறைகூற மாட்டோம். ஆனால் நிவாரணம் பங்கிட்டவர்களில் நாமும் இருந்தோம். வயிறு நிறைகிறதா என்று பார்த்தோம். எதனால் நிறைகிறது என்று கேட்கவில்லை. குரக்கனும் கீரையும் விளைந்த வளவை இழந்தவருக்குப் பாணும் சீனித் தேநீரும் பழக்கமாகிவிட்டன.

ஆகவே, வீட்டுத்திட்டம் என்று வருவோரிடம் கல்வீட்டை மட்டும் கேட்டால் போதாது. தோட்டம் செய்ய நிலமும் கிணறும் கேட்க வேண்டும். இழந்த காணியையும் விடாது கேட்க வேண்டும். அதுவரை இடுப்பை அளந்து பார்ப்பதற்குத் தையல்காரரின் நாடா போதும். தெற்காசியரான நமக்கு எல்லை சற்றுக் குறைவு: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. அதை எட்டியவர்கள், உடம்பில் ஒன்றும் தெரியவில்லை என்று இருந்துவிடாமல், அடுத்த கிளினிக் நாளில் சீனியையும் பிறஷரையும் பார்த்துக்கொள்ளட்டும்.