பிள்ளை பார்க்கும் வீடும் புதிய குடும்பங்களும்

1990 யூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய விவசாயக் குடும்பங்கள் வீட்டையும் தோட்டக் காணியையும் மட்டும் விட்டு வரவில்லை. அயலையும் விட்டு வந்தன. வெங்காயம் கிண்டப் போகும் தாய், வேலிக்கு அப்பால் இருக்கும் பெரியம்மாவிடம் பிள்ளையை விட்டுப் போவாள். அதற்கு யாரும் பெயர் வைத்ததில்லை, கூலி கேட்டதுமில்லை. இன்று அந்தப் பெரியம்மாவின் குடும்பம் கனடாவில் இருக்கலாம், வன்னியில் இருக்கலாம். 2015 முதல் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டும், எல்லாம் இன்னும் விடுபடவில்லை. திரும்பிப் போனவர்களுக்கும் பழைய அயல் திரும்பக் கிடைக்கவில்லை.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகளே. தம்பியைப் பார்க்க அக்கா பள்ளிக்கூடம் போகாமல் நிற்கிறாள். கைக்குழந்தை தோட்ட வரம்பில், மருந்து அடித்த பயிருக்கும் கட்டில்லாத கிணற்றுக்கும் அருகில் கிடக்கிறது.

எனவேதான் சுன்னாகத்திலும் அயற் கிராமங்களிலும் தம் வீட்டிலேயே அயற் பிள்ளைகளைப் பார்க்க முன்வரும் தாய்மாரை நாம் வரவேற்கிறோம். ஆனால் சொந்தக்காரரின் மூன்று நான்கு பிள்ளைகளோடு இம்முயற்சி நின்றுவிடுகிறது. புதிய குடும்பங்கள் வருவதில்லை என்கிறார்கள். பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தேவையுள்ள குடும்பமும் திறந்திருக்கும் வீடும் இன்னும் சந்திக்கவில்லை என்பதே எமது கருத்து.

முதலாவது, நேரம். சுன்னாகம் சந்தை காலையிலேயே கூடிவிடுகிறது. தோட்ட வேலையும் வெயில் ஏறுமுன் தொடங்குகிறது. முன்பள்ளியோ அதற்குப் பின்பு திறந்து, மதியத்திற்குள் முடிந்துவிடும். எட்டு மணிக்குக் கதவு திறக்கும் வீடு கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு உதவாது. விடியற்காலையில் பிள்ளையை ஏற்று, முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்து வந்து சோறு கொடுக்கும் வீட்டைத்தான் அவள் தேடுகிறாள். நடுகைக்கும் கிண்டலுக்கும் மட்டும் வேலைக்குப் போகிறவர்களுக்கு நாட்கணக்கில் பிள்ளை விடவும் இடம் வேண்டும்.

இரண்டாவது, நம்பிக்கை. துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து எந்தத் தாயும் பிள்ளையைக் கொடுக்க மாட்டாள். நிறை பார்க்கும் கிளினிக்கிலும், முன்பள்ளி வாசலிலும், சந்தையிலும், கோயில் வீதியிலும் போய்க் கதையுங்கள். ஏற்கெனவே பிள்ளை விடும் தாயையும் கூட்டிச் செல்லுங்கள். அவளுடைய ஒரு சொல் உங்கள் பத்துச் சொல்லுக்குச் சமம். பிறகு வீட்டுக்கு அழைத்து எல்லாவற்றையும் காட்டுங்கள். கிணறு மூடியிருக்கிறதா? குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? 2014, 2015ஆம் ஆண்டுகளில் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்ததாக எழுந்த பிரச்சினையைக் கண்ட ஊர் இது, கேட்கத்தான் செய்வார்கள். வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கிராம அலுவலருக்கும், குடும்பநல உத்தியோகத்தருக்கும், பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தருக்கும் அறிவித்து நடத்துங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கே குடும்பங்கள் வரும்.

மூன்றாவது, கட்டணம். பிள்ளை பார்ப்பது சும்மா இருந்து செய்யும் வேலை அல்ல. பிள்ளை வளர்ப்பில் தாய் படும் பாட்டைச் சமூகம் மதிக்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றிய சுற்றுமடலில் எழுதினார். கொலம்பியா நாட்டில் 1986இல் தொடங்கிய திட்டத்தில் ஏழைப் பகுதித் தாய்மார் தம் வீடுகளில் பன்னிரண்டு, பதினைந்து அயற் பிள்ளைகளைப் பராமரித்தார்கள். ‘சமூகத் தாய்மார்’ எனப்பட்ட அவர்கள் நீண்ட காலம் போராடி, 2014இல்தான் முறையான வேலை ஒப்பந்தம் பெற்றார்கள். மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்க்காகப் பிள்ளை மடுவம் இருக்கிறது. நமது தோட்டக் கூலிப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. ஆகவே அவளால் தாங்கக்கூடியதும், பார்ப்பவளின் உழைப்பை அவமதிக்காததுமான ஒரு தொகையை இருவரும் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். காசு முடையான வாரத்தில் மரக்கறியாகவோ அரிசியாகவோ கொடுத்தால் அதுவும் கட்டணமே.

கடைசியாக, நாம் வெளியில் பேசத் தயங்கும் ஒன்று. "அவை எந்தப் பகுதி ஆக்கள்?" என்ற கேள்வி. முகாமில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம். 1995 ஒக்ரோபரில் எல்லோரும் ஒரே பாதையால் நடந்தோம். அப்போது கேட்காத கேள்வியை, குழந்தைக்கு யார் சோறு ஊட்டுவது என்று வரும்போது கேட்கிறோம். இடம்பெயர்ந்தவர் பிள்ளையை ஊரவர் வீட்டிலும், ஊரவர் பிள்ளையை இடம்பெயர்ந்தவர் வீட்டிலும் விடத் தயங்குகிறோம். புதிய குடும்பங்கள் வராமைக்குப் பல இடங்களில் உண்மையான காரணம் இதுவே. சொந்தக்காரரின் பிள்ளைகளை மட்டும் நம்பி எந்த வீடும் பிழைக்காது.

ஆகவே பிள்ளை பார்க்கும் தாய்மாரிடமும் பிள்ளை விடும் தாய்மாரிடமும் நாம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊரைச் சேராத, உங்கள் கோயிலைச் சேராத ஒரு குடும்பத்தை இந்தப் போகத்திற்குள் தேடிப் போய்க் கதையுங்கள். இழந்த அயலை எந்த அரசும் எந்த நிறுவனமும் நமக்குக் கட்டித் தராது. ஒரு பிள்ளையை நம்பிக் கொடுப்பதிலும், அதைத் தன் பிள்ளையாக ஏற்பதிலும்தான் புதிய அயல் தொடங்கும்.