அடுப்படியும் ஒரு வகுப்பறையே



விடுமுறைக்கு எந்தப் பயிற்சி நூல் வாங்கலாம் என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். சமையல் தராசு ஒன்று வாங்குங்கள் என்பதே என் விடை.

பிள்ளைகள் இணையத்தில் கண்டு ஆசைப்படும் பிரெஞ்சு மாக்கரோனையே எடுத்துக்கொள்வோம். பாதாம் மாவு 4 பங்கு, ஐசிங் சீனி 4 பங்கு, முட்டை வெள்ளைக்கரு 3 பங்கு, வெள்ளைச் சீனி 3 பங்கு என்பது ஒரு வழக்கமான அளவு. வெள்ளைக்கரு 60 கிராம் என்றால் பாதாம் மாவு எவ்வளவு? 80 கிராம் என்று கணக்கிட்டு நிறுத்துப் போடும் பிள்ளை, விகிதத்தை மனனம் செய்யவில்லை, உணர்கிறது.

அறிவியலும் இதில் உண்டு. அடித்த வெள்ளைக்கரு காற்றைப் பிடித்து வைக்கும். கொழுப்பு அந்நுரையைத் தளர்த்தும். ஆதலால், கிரீமர் கலந்த ஈப்போ வெள்ளைக் காப்பித் தூளை மாவில் சேர்க்காமல், நடுவே பூசும் வெண்ணெயில் கலப்பதே நன்று. மாவுக்குக் கலப்பற்ற உடனடிக் காப்பித் தூள் போதும்.

பாதாம் விலை மிகுதியெனில் முந்திரி இருக்கிறது. தூத்துக்குடி அடுமனைகள் முந்திரி, சீனி, வெள்ளைக்கரு ஆகியவற்றால் மக்ரூன் செய்து புகழ்பெற்றுள்ளன. அயல் பண்டத்தை நம்மவர் தமதாக்கிக்கொண்ட கதை அது.

காப்பிக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. ரப்பர் பரவுமுன், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேராக்கில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கும் தமிழர் உழைத்தனர். தோட்டங்கள் மறைந்துவரும் காலத்தில் வளரும் பிள்ளைக்கு இதனை எடுத்துரைக்க, காப்பி மணக்கும் அடுப்படியைவிடப் பொருத்தமான இடம் ஏது?

இப்பாடம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆண்பிள்ளையும் கரண்டி பிடிக்கட்டும். செய்து முடித்ததும் செய்முறையைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். கணிதம், அறிவியல், வரலாறு, மொழி நான்கும் ஒரே தட்டில் கிடைக்கும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.