வயிற்றின் மேல் ஓர் எண், நிறுத்தப்பட்ட பால்

கொப்பூழ்த் தமனியில் குழாய் இருக்கும் குறைமாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கலாகாது என்ற வழக்கம் பல பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் நீடிக்கிறது. முன்பு அதற்கு அச்சம் மட்டுமே காரணம். இப்போது அச்சத்துக்கு ஓர் எண்ணும் துணைக்குக் கிடைத்துவிட்டது. வயிற்றின் மேல் ஒட்டும் அகச்சிவப்பு உணரி ஆக்சிஜன் செறிவைக் குறைவாகக் காட்டினால், குழாயே குடலைப் பட்டினி போடுகிறது என்ற முடிவுக்குத் தாவுகின்றனர்.

அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. உயர்நிலையில் வைக்கப்படும் குழாயின் முனை, பெருந்தமனிக்குள் 6 முதல் 9 வரையிலான மார்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில் நிற்கும். குடலுக்கு இரத்தம் தரும் முதன்மைத் தமனியின் வாயைக் கடந்துதான் அது அங்கு சேர்கிறது. இரத்தம் உறையலாம், ஓட்டம் குறையலாம். ஆனால் தாழ்நிலையில் முனை அவ்வாய்க்குக் கீழேயே நின்றுவிடுகிறது. குழாய் அவ்வாயைக் கடப்பதே கேடென்றால், இரு நிலைகளுக்கும் இடையே குடல் அழுகல் நோயில் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். சமவாய்ப்பு முறை ஆய்வுகளைத் தொகுத்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை.

குழாய் யாருக்குப் போடப்படுகிறது? இரத்த அழுத்தம் தளர்ந்த, செயற்கைச் சுவாசத்தில் இருக்கும், மிகவும் நலிந்த குழந்தைக்கு. அந்தக் குழந்தையின் குடலில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் பழியைக் குழாய் மீது போடுவது, குடை பிடித்தவர்களைப் பார்த்து மழைக்குக் குடையே காரணம் என்பதற்கு ஒப்பாகும். குழாயை எடுப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தோம் என்பாரும் உளர். குழாய் இருப்பது பெரும்பாலும் முதல் வாரத்தில். அதே நாட்களில்தான் கருமலம் வெளியேறுகிறது. கருமலமோ அகச்சிவப்பு ஒளியைத் தானே உறிஞ்சி அளவீட்டைக் குழப்பக்கூடியது. இதயத்தருகே உள்ள நாளமும் அப்போதுதான் மூடத் தொடங்குகிறது. மாறியது குழாயா, மலமா, குழந்தையின் வயதா?

குடலைவிட நம்பகமாக அளக்கக்கூடிய மூளையிலேயே இந்த எண் தடுமாறியது. 28 வாரத்துக்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியான ஸேஃப்பூஸ்-சி ஆய்வில், உணரியைப் பார்த்துச் செய்த சிகிச்சை மரணத்தையோ கடும் மூளைச் சேதத்தையோ குறைக்கவில்லை. அப்படியிருக்க, வாயு நகரும், மலம் நகரும் வயிற்றில் ஒரு சரிவைக் கண்டவுடன் பாலை நிறுத்துவது எந்த அறிவியல்?

பாலை நிறுத்துவது பாதுகாப்பான பக்கம் என்ற எண்ணமும் பிழை. பால் தாமதித்தால் நரம்புவழி ஊட்டம் நீளும். அதற்கான ஊசிவழியும் நீளும். கிருமி நுழைய வாய்ப்பும் நீளும். கருவிலேயே கொப்பூழ்த் தமனி ஓட்டம் கெட்டுப்போன 404 குழந்தைகளை எடுத்துக்கொண்ட அடெப்ட் ஆய்வு (2012), குடல் குறித்து மிக அஞ்ச வேண்டியவர்களையே தேர்ந்தெடுத்தது. 2ஆம் நாளில் பால் தொடங்கியவர்கள் 18 நாட்களிலும், 6ஆம் நாளில் தொடங்கியவர்கள் 21 நாட்களிலும் முழுப் பாலுக்கு வந்தனர். குடல் அழுகல் நோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

குழாய் இருக்கும்போதே பால் கொடுப்பதையும், எடுத்தபின் கொடுப்பதையும் பெரிய அளவில், சமவாய்ப்பு முறையில் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதுவரை பாலை நிறுத்தச் சொல்பவர் உணரியின் எண்ணை மட்டும் எழுதாமல், குழந்தையின் வயிறு வீங்கியிருந்ததா, மலத்தில் இரத்தம் இருந்ததா என்பதையும் குறிப்பேட்டில் எழுதட்டும்.