கோடைமனையும் பேணுவோரும்

சித்திரை வெயிலில் வையை மணல் கொதிக்குங்கால் வசதியுடையார் கோடைக்கானலுக்கு ஏகுதல் மதுரையில் நெடுநாளைய வழக்கம். 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனார், சமவெளியின் நோய்களுக்குத் தப்பும்பொருட்டு, ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு மனைகளை அங்கே கட்டினர். மோட்டார்ச் சாலை ஏற்படுமுன் கோடைவாசிகளை நாற்காலியிலும் டோலியிலும் ஏற்றித் தோளிற் சுமந்து சென்றவர் நம் நாட்டுக் கூலியாட்களே. மனைகளின் பெயர் நிலைத்தது. சுமந்தவர் பெயர் மறைந்தது.

இது பழங்கதை மாத்திரமன்று. சென்ற கோடையில், முதியவர் ஒருவரைப் பேணும் பணியேற்று அங்கிருந்த என் அன்னையாரைக் காணச் சென்றேன். அம்மனையில் இராஜபாளையம் நாய்கள் இரண்டு இருந்தன. பகலில் அவை புல்வெளியில் வெயில் காய்ந்தன. இரவில் கம்பளியிற் படுத்துறங்கின. அன்னையாரோ இரவில் மும்முறை எழுந்து முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்தார். ஆறு வாரம் அங்கிருந்தும் ஏரியை அவர் ஒருமுறையேனும் கண்டாரல்லர்.

நாய்கள்பால் காட்டிய அன்பை யான் குறைகூறேன். வாயில்லா உயிரைப் பேணுதல் அறமே. ஆயினும், பேணுவோரையும் பேணவேண்டுமன்றோ? ஏழாம் நாள் ஓய்வைப் பற்றிய வேதக் கட்டளை, வீட்டாரோடு வேலையாட்களையும் மிருகஜீவன்களையும் சேர்த்தே கூறுகின்றது. நாம் அக்கட்டளையில் நாய்களைக் குறித்த பாகத்தை மாத்திரம் கைக்கொண்டோம் போலும்!

மாணவ நண்பர்காள்! நாளை நம்முட் சிலர் அத்தகைய மனைகளுக்கு உரியராகலாம். அன்று, பேணுவோர்க்கு வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு அளிப்பதை அருளென்று எண்ணாது, கடனென்று கொள்வோமாக.