இடைவேளையில் பிறந்த இசை

இந்த வாரம் இரண்டு இசையமைப்பாளர்களைப் பற்றிப் பேசலாம். ஒருவர் ஆஸ்திரியாவின் குஸ்தாவ் மாலர். மற்றவர், நம் வீட்டு வானொலியில் நாள்தோறும் ஒலிக்கும் இளையராஜா.

மாலரை இன்று சிம்பனிகளுக்காகவே உலகம் போற்றுகிறது. ஆனால், அவருக்குச் சோறு போட்டது ஓபரா அரங்கு. ஓபரா என்பது பாட்டாலேயே கதை சொல்லும் மேடை நாடகம். பினாங்கு மண்ணில் தோன்றிய பங்சாவானை அதற்குத் தூரத்து உறவு எனலாம். 1880-இல் பாட் ஹால் என்ற சிற்றூரில் கோடைக்கால நாடகக் குழுவுக்கு இசை நடத்துநராகத் தொடங்கியவர், காசெல், பிராக், லைப்சிக், புடாபெஸ்ட், ஹாம்பர்க் என்று ஊர் ஊராக மாறி, 1897-இல் வியன்னா அரங்கின் தலைமைக்கு வந்தார். அங்கெல்லாம் அவர் நடத்தியது பெரும்பாலும் பிறருடைய இசை. சொந்த இசைக்குக் கோடை விடுமுறைதான் மிஞ்சியது. ஸ்டைன்பாக் என்ற ஊரில் ஏரிக்கரையோரம் ஒரு சின்னக் குடில் போட்டு எழுதினார்.

பண்ணைப்புரத்து இளையராஜாவுக்கு ஜி.கே.வெங்கடேஷின் ஒலிப்பதிவுக் கூடமே ஓபரா அரங்கு. வெங்கடேஷ் மெட்டுப் போடுவார்; அதற்கு வாத்திய இசை எழுதுவது உதவியாளரின் வேலை. ஏறக்குறைய 200 படங்கள், பெரும்பாலும் கன்னடம். இன்னொரு பக்கம் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். தாம் எழுதிப் பார்த்த இசையை, இடைவேளையில் அங்கிருந்த கலைஞர்களிடம் கேட்டு வாசிக்க வைத்தார். 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது ஊருக்குத்தான் அவர் புதியவர். அந்தக் கலைஞர்களுக்கு அல்ல.

தாசேக் கெலுகோரிலிருந்து விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "எத்தனை காலத்துக்கு அண்ணே, அடுத்தவர் வேலையையே செய்வது?" நியாயமான கேள்வி. காத்திருந்தால் எல்லாம் தானாக வரும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வேலை உங்களுக்கு எதைக் கற்றுத் தருகிறது, உங்களுடையது என்று கொஞ்ச நேரத்தையாவது விட்டுவைக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு இடம் தேடுவதில் தவறில்லை.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. அன்று அந்தக் கலைஞர்கள் தேநீர்தான் முக்கியம் என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளை, தானே செய்து பார்த்த ஒன்றைத் தயங்கித் தயங்கிக் காட்ட வந்தால், பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.