நான் இங்கிலீஷ் கற்றது பீட்டில்ஸிடம்

1973-இல் எல்.டி.சி.யாக வேலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், தங்கை கல்யாணத்துக்காக மூன்று நாள் லீவு கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். பிரெஞ்சில் கேட்பதற்கு 'தெமாந்தே' என்போம். அதே சொல் இங்கிலீஷிலும் இருக்கிறதே என்ற தைரியத்தில், 'ஐ டிமாண்ட் த்ரீ டேஸ் லீவ்' என்று எழுதி, கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டு, சூப்பிரெண்டு மேசையில் வைத்துவிட்டேன்.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "ஏம்பா, வேலைக்கு வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள யூனியன் ஆரம்பிச்சுட்டியா?"

செக்‌ஷன் முழுக்கச் சிரித்தது. எனக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. லீவு கிடைத்தது என்பது வேறு விஷயம்.

இந்தப் பழைய கதை இப்போது எதற்கு என்றால், என் பேத்தி பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். இங்கிலீஷ் பேப்பரில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல். ஆனால் கல்லூரியிலிருந்து ஒரு போன் வந்து எதிர்முனையில் இங்கிலீஷில் பேசினால், போனை அப்படியே அம்மா கையில் திணித்துவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடிவிடுகிறாள். அடுத்த மாதம் அட்மிஷனுக்கு நேர்முகத் தேர்வு. "ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேத்துடலாம்பா, முப்பது நாள்ல பேச வச்சுடுறாங்களாம்" என்றாள் என் மகள். "பணத்தைக் கொட்டாதேம்மா, அவளுக்குப் பாட்டு கேட்கச் சொல்லிக்கொடு" என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தச் சூப்பிரெண்டின் பார்வையேதான்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. காரணம் சொல்கிறேன்.

என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்டு 16-இல்தான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்க வைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எங்கள் தெருவில் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். மில்லில் வேலை பார்த்த என் அப்பா கொடுக்கவில்லை. "நம்ம ஊரு இது, நாம எங்க போறது" என்றார். அது சரிதான். ஆனால் என்னைச் சேர்த்திருந்ததோ பிரெஞ்சு மீடியத்தில். நான் படித்து முடிப்பதற்குள் ஆபீஸ்களில் ஃபைலெல்லாம் இங்கிலீஷுக்குப் போய்க்கொண்டிருந்தது. வினைச்சொல் திரிபுகளைத் தூக்கத்தில்கூட ஒப்பிக்கும் பையன், ஒரு மணியார்டர் பாரம் எழுத அடுத்த வீட்டுக்குப் போனான். பதினைந்து வயதில் அது பெரிய அவமானம்.

அந்த அடுத்த வீட்டில்தான் என் நண்பன் இருந்தான். இங்கிலீஷ் மீடியம். அவனுடைய பெரியப்பா சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர். ஒரு கிராமபோனும், வாசலில் நின்றால் கேட்கும் அளவுக்குச் சத்தமாக ஒரு வால்வு ரேடியோவும் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருந்தால் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். அவர் ஒருவர் கட்டிய பணத்தில் எங்கள் தெருவே ரேடியோ சிலோன் கேட்டது. தமிழ் நிகழ்ச்சிக்குப் பெரியவர்கள் கூடுவார்கள், ஆங்கிலப் பாட்டுக்கு நாங்கள் நாலைந்து பையன்கள்.

முதலில் பிடிபட்டது க்ளிஃப் ரிச்சர்ட். 1940-இல் லக்னோவில் பிறந்தவர் என்று நண்பன் சொன்னபோது நான் நம்பவில்லை, ஆனால் உண்மை. அதேபோல எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் 1936-இல் நம் மதராசில் பிறந்தவர். இந்த இருவரும் ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் துப்பாமல் முழுசாகத் தருவார்கள். நிதானமாகப் பாடுவார்கள். இங்கிலீஷ் புதிதாகக் கேட்பவனுக்கு இவர்கள்தான் அரிச்சுவடி.

பீட்டில்ஸ் அதற்கு மேல் வகுப்பு. பிரெஞ்சு படித்தவனுக்கு இங்கிலீஷில் பெரிய எதிரி கடைசி எழுத்துதான். பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் எஸ் இருக்கும், எழுதுவோம், பெரும்பாலும் உச்சரிக்க மாட்டோம். பன்மைக்கு எஸ் உண்டு, காதில் விழாது. நான் அதே வழக்கத்தில் இங்கிலீஷ் வாசித்தேன். 'ஹீ கம்', 'ஷீ கோ' என்றுதான் என் வாயில் வரும். இலக்கணப் புத்தகத்தில் விதி இருக்கிறது, நூறு தடவை எழுதவும் செய்தேன். வாய்க்கு வரவில்லை. வந்தது 1963-இன் 'ஷி லவ்ஸ் யூ' பாட்டில். பாட்டின் பெயரிலேயே அந்த எஸ் இருக்கிறது. அதை விழுங்கிவிட்டுப் பாடிப் பாருங்கள், மெட்டு நொண்டும். பிறகு 1966-இல் 'எலினார் ரிக்பி'. தனிமையில் வாடும் ஒரு பெண், ஒரு பாதிரியார், இவர்களைப் பற்றிய பாட்டு. பெரும்பாலும் படர்க்கை ஒருமை, நிகழ்காலம். அந்த ஒரு பாட்டை மனப்பாடம் செய்ததில் எனக்குப் படர்க்கை எஸ் ஒட்டிக்கொண்டது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் உதிரவில்லை.

'ஷி இஸ் லீவிங் ஹோம்' என்று 1967-இல் ஒன்று வந்தது. வீட்டை விட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியைப் பார்த்து எழுதியது. பிரெஞ்சில் 'போகிறாள்', 'போய்க்கொண்டிருக்கிறாள்' இரண்டுக்கும் சாதாரணமாக ஒரே வடிவம்தான். அதனால் இங்கிலீஷின் 'இங்' எனக்கு எங்கே போடுவது என்றே தெரியாமல் இருந்தது. அந்தப் பாட்டின் தலைப்பைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான், அட, இது நம்மிடமே இருக்கிறதே என்று தோன்றியது. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போகப் பார்த்தேன், தமிழ் வழியே பாதை பக்கத்தில் இருந்திருக்கிறது. எந்த வாத்தியாரும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் மேல் குறையில்லை, தமிழும் பிரெஞ்சும் இங்கிலீஷும் சேர்ந்து பையன் தலைக்குள் என்ன செய்கிறது என்று யார் பார்த்தார்கள்?

ஆனால் என் வாயைத் திறந்தது இதெல்லாம் இல்லை. 'மிஷெல்'.

1965-இல் வந்த 'ரப்பர் சோல்' தட்டில் இருக்கிறது. நடுவில் பால் மக்கார்ட்னி பிரெஞ்சில் சில வார்த்தைகள் பாடுவார். நண்பன் வீட்டுத் திண்ணையில் முதல் தடவை கேட்டபோது மற்ற பையன்கள் முழித்தார்கள். எனக்கு மட்டும் புரிந்தது. "என்னடா சொல்றான்?" என்று அத்தனை பேரும் என்னைக் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக இங்கிலீஷ் மீடியப் பையன்கள் என்னிடம் அர்த்தம் கேட்டார்கள்! அன்றிலிருந்து நானும் நண்பனும் ஒரு பண்டமாற்று செய்துகொண்டோம். நான் அவனுக்கு பிரெஞ்சு, அவன் எனக்குப் பாட்டுப் பாட்டாக இங்கிலீஷ்.

அதைவிட முக்கியம் வேறொன்று. மக்கார்ட்னியின் பிரெஞ்சு உச்சரிப்பு அப்படியொன்றும் பிரமாதமில்லை. எங்கள் வகுப்பில் அப்படிப் படித்திருந்தால் மிஸியே ஸ்கேலை எடுத்திருப்பார். பின்னாளில்தான் தெரிந்தது, அந்த பிரெஞ்சு வரிகளுக்கு அவர் தன் பள்ளித் தோழனின் மனைவியிடம் உதவி கேட்டாராம். அந்த அம்மாள் பிரெஞ்சு டீச்சர். அந்தத் தோழன்தான் 1957-இல் மக்கார்ட்னியையும் லெனனையும் சந்திக்க வைத்தவர். உலகமே கேட்கும் மனிதர், தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் லிவர்பூல் நாக்கில் வந்தபடி என் பாஷையைப் பாடுகிறார். வெட்கப்படவில்லை. அப்புறம் நான் அவர் பாஷையைப் புதுச்சேரி நாக்கில் பேச எதற்கு வெட்கப்பட வேண்டும்?

அந்த எண்ணத்தோடுதான் 1973-இல் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். தப்பும் தவறுமாகத்தான் பேசினேன். ஆனால் பேசினேன்.

ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1967-இல் 'ஆல் யூ நீட் இஸ் லவ்' பாட்டு ரேடியோவில் முதல் தடவை வந்தது. அதன் தொடக்கம் பிரெஞ்சு தேசிய கீதம் 'மார்செய்யேஸ்'. பள்ளிக்கூடப் பழக்கம், நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்பா உள்ளேயிருந்து, "என்னடா, பிரெஞ்சுக்காரன் திரும்பி வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பாட்டு கற்றுக்கொடுக்காதது நிறைய இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். லீவு லெட்டர் எந்தப் பாட்டிலும் இல்லை. அது மட்டுமல்ல, பாட்டு சில சமயம் தப்பாகவும் சொல்லிக் கொடுக்கும். 'டிக்கெட் டு ரைட்' பாட்டில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது 'டஸின்ட்' வரவேண்டிய இடத்தில் 'டோன்ட்' என்று பாடுவார்கள். லெனன் பாடினால் அது பாட்டு. நான் அதை நம்பி ஒரு ஃபைலில், விண்ணப்பதாரர் இன்ன சான்றிதழ் வைத்திருக்கவில்லை என்பதற்கு 'தி அப்ளிகன்ட் டோன்ட்' என்று நோட் போட்டேன். அதே சூப்பிரெண்டு. சிவப்பு மையில் இரண்டு சுழி.

"இதை எங்கப்பா படிச்ச?"

"ரேடியோவில சார்."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் தன் மகன் படித்து முடித்த ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை கிழிந்தது, ஆனால் உள்ளே பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. மூன்று வருஷம் மேசை இழுப்பறையில் வைத்துப் படித்தேன். அதில் ஒன்று கவனித்தேன். விதியைப் படிக்கும்போது, எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாட்டு ஒன்று உதாரணமாக மனசில் ஓடும். ஓடினால் விதி நிற்கும். ஓடாத விதி இரண்டு நாளில் காணாமல் போகும். காது முன்னால், இலக்கணம் பின்னால். இப்போது பள்ளிக்கூடங்களில் தலைகீழாகத்தான் நடக்கிறது. முப்பது நாள் வகுப்புகளிலும் அதே விதிகளை வேகமாக ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

என் கூட்டாளிகள் சிலர், பீச்சில் நடக்கும்போது, "பாட்டுல இருக்கிறது கொச்சை இங்கிலீஷ் சார், பிள்ளைங்க கெட்டுப்போகும்" என்கிறார்கள். அந்தக் கவலை இங்கிலாந்திலேயே இருந்தது. 'ஷி லவ்ஸ் யூ' பாட்டை எழுதி முடித்து வீட்டில் பாடிக் காட்டியபோது, மக்கார்ட்னியின் அப்பா, 'யே' என்பது அமெரிக்க வழக்கு, அதற்குப் பதிலாக ஒழுங்காக 'யெஸ்' என்று பாடக்கூடாதா என்று கேட்டாராம். பிள்ளைகள் கேட்கவில்லை. எந்த ஊர் அப்பாவும் ஒன்றுதான். கொச்சை எது, நேர்த்தி எது என்று தெரிவதற்கே முதலில் இரண்டும் காதில் விழ வேண்டும். ஒன்றுமே விழாமல் தொண்ணூறு மார்க் வாங்கி என்ன பிரயோஜனம்? என் பேத்திக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டால் யாராவது சிரிப்பார்களே என்ற பயம். பாடும்போது அந்தப் பயம் இல்லை. பாட்டில் தப்பு வந்தால் யாரும் சிவப்பு மையில் சுழிப்பதில்லை.

பீட்டில்ஸைப் போட்டுக் காட்டினேன். "தாத்தா, இது ரொம்பப் பழசு" என்றாள். சரி, உன் காலத்து ஆள் யார் என்றேன். எட் ஷீரன் என்றாள். 2025 பிப்ரவரியில் சென்னையில் ரஹ்மானோடு மேடையேறிய அந்தச் சிவப்பு முடிப் பையன்தான். அப்புறம் அடெல். நானும் உட்கார்ந்து கேட்டேன். ஷீரன் சில இடங்களில் மூச்சு விடாமல் ஓடுகிறார். அடெல் எனக்குப் பிடித்திருந்தது. பாடும்போது ஒவ்வொரு சொல்லையும் நன்றாக இழுத்துத் தருகிறார். பேட்டியில் பேசும்போது மட்டும் லண்டன் வேகம், எனக்குப் பாதிதான் புரிந்தது, பேத்திக்கு முக்கால்வாசி.

இப்போது தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். ஒரு பாட்டு, மூன்று தடவை. முதல் தடவை வெறுமே கேட்பது. இரண்டாவது, காதில் விழுந்ததை எழுதுவது. மூன்றாவது, கூடவே பாடுவது. அப்புறம் அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று அவள் எனக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நான் புரியாத மாதிரி கேள்வி கேட்பேன். பாதி சமயம் நிஜமாகவே புரிவதில்லை.

போன வாரம் 'ஹெலோ' பாட்டு. எனக்கு இன்னும் அந்த ஹெச் தகராறுதான். பிரெஞ்சில் ஹெச் வாயே திறக்காது, தமிழிலும் நாம் ஓட்டல் என்றே சொல்லிப் பழகியவர்கள். நான் கூடப் பாடியதும் பேத்தி பாட்டை நிறுத்திவிட்டாள்.

"தாத்தா, யூ ஃபர்காட் தி ஹெச். ஒன்ஸ் அகெயின்."

யாரும் கேட்காமல், அவளாகவே சொன்ன முதல் இங்கிலீஷ் வாக்கியம் அது. அடுப்பங்கரையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் முதலிலிருந்து பாடினேன்.